இன்னொன்று போடலாம்

வெடிமருந்து நிறுக்கும்போது நான் யாரோடும் பேசுவதில்லை. ரேடியோவைக்கூட அணைத்துவிடுவேன். மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் திறந்திருக்கும். காபிக் கோப்பைக்கு அந்த அறைக்குள் இடம் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, மேடம். தினமும் பல் தேய்க்கிறேன் என்று யாராவது பெருமையடிப்பார்களா? ஆனால் எங்கள் பிட்டர் கூலி ரைஃபிள் கிளப்பில் பல் தேய்க்காத கூட்டம்தான் அதிகம்.

நீங்கள் போலீஸ் டெபுடியாக இந்த ஊருக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, அதனால் சொல்கிறேன். மொண்டானாவில் தோட்டாவை வீட்டிலேயே செய்துகொள்பவன் தெருவுக்கு ஒருவன் இருப்பான். சுட்ட பித்தளைக் கூட்டைக் கழுவி, அடியில் புது கேப் வைத்து, மருந்து கொட்டி, குண்டைப் பொருத்திவிட்டால் தனக்கு வித்தை தெரிந்துவிட்டதாக நினைப்பான். "புரொபசர், உன் ரைஃபிளுக்கு எவ்வளவு மருந்து போடுற?" என்று என்னைப் பட்டப்பெயர் சொல்லிக் கேட்பார்கள். ஏதோ கேக்குக்கு எவ்வளவு சர்க்கரை என்று கேட்பதுபோல. ஒவ்வொரு ரைஃபிளுக்கும் அதற்கென்று ஒரு அளவு உண்டு. அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். குறைந்த அளவில் தொடங்கி, துளித்துளியாகக் கூட்டி, ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டே போக வேண்டும். முதலில் குண்டுகள் தாறுமாறாக விழும். திடீரென்று ஒரு அளவில் எல்லாம் ஒரே ஓட்டைக்குள் போய் உட்காரும். அதுதான் அந்த ரைஃபிளின் அளவு. அதையும் தாண்டிப் போனால் துப்பாக்கி முனக ஆரம்பிக்கும். சுட்ட கூட்டை வெளியே எடுக்கும் போல்ட்டைத் திறக்கவே கை வலிக்கும். தோட்டாவின் அடியில் பொட்டு மாதிரி இருக்கும் கேப், உள்ளிருந்து வரும் அழுத்தத்தில் சப்பையாகிவிடும். அதைப் பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும். பார்க்கத் தெரிந்தால்.

கிளப்பில் அதைப் பார்க்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் சுட்ட கூட்டை என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார்கள். நான் பார்த்துச் சொல்வேன். ஓய்வு பெறும்வரை கோதுமைக் கிடங்கில் தரம் பார்த்தவன் நான். பார்த்துச் சொல்வதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

டெல்மர் ரூக் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவன். ஓட்டிக்கொண்டிருந்தவன். ஆள் வாட்டசாட்டம். சிரித்தால் பக்கத்து மேசையில் சுடுகிறவனுக்குக் குறி தவறும். ஊரில் எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். அப்படிப்பட்டவர்களை எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். அவர்கள் எதையும் சரியாகச் செய்யமாட்டார்கள். சரியாகச் செய்ய வேண்டிய அவசியமே அவர்களுக்கு வராது.

போன செப்டம்பரில் நடந்த கிளப் போட்டியில் அவன்தான் ஜெயித்தான். வருடா வருடம் நான் ஜெயிக்கும் போட்டி அது. அவன் தோட்டாவைக் கடையில் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். பெட்டியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. போட்டி முடிந்து எல்லோரும் கிளப் அறையில் கறியும் பீன்ஸும் போட்ட சில்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்: "என்ன புரொபசர், வருஷம் பூரா தராசு முன்னாடி தவம் கெடந்தியே, பாவம். இனிமே நீயும் கடையிலயே வாங்கிடு."

எல்லோரும் சிரித்தார்கள். டெல்மர் சிரிக்கவில்லை. "சும்மா இருங்கய்யா. காத்து நம்ம பக்கம் அடிச்சுது, அவ்வளவுதான். நம்ம புரொபசர் ஆர்வில் செய்யுற தோட்டா மாதிரி இந்த ஜில்லாவுலயே எவனும் செய்ய முடியாது" என்றான். சொல்லிவிட்டு, அவன் கிண்ணத்திலிருந்த சோள ரொட்டியை எடுத்து என் தட்டில் வைத்தான்.

எனக்கு அவன்மேல் பொறாமை என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. ஷூவில் ஒட்டிய சேற்றைப் பார்த்து யாரும் பொறாமைப்படுவதில்லை. துடைத்துவிடுவார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் கிளப்புக்குப் போகவில்லை. பனி உருகியதும் அவனே என் வீட்டுக்கு வந்தான். ஒரு கையில் எல்க் மான்கறி சாசேஜ், இன்னொரு கையில் துணி சுற்றிய ரைஃபிள்.

"யோவ் புரொபசர், எங்கப்பாவோட துப்பாக்கி. பரண்ல கெடந்துச்சு. இந்தத் தடவ எல்க் மான இதாலதான் சுடணும். தோட்டா செய்யுற வித்தையக் கொஞ்சம் கத்துக்குடேன்."

"நீ கடையில வாங்குவியே."

"அட, அது போட்டிக்கு. இது எங்கப்பாவுக்கு."

கிளப்பில் என்னைக் காணவில்லையே என்று அவனுக்குக் கவலை. கற்றுக்கொடு என்று கேட்டால் நான் திரும்ப வந்துவிடுவேன் என்று கணக்குப் போட்டிருந்தான். அது முகத்திலேயே தெரிந்தது. அவனுக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

ரைஃபிளைப் பார்த்தேன். ரொம்பப் பழசு. அந்தக் காலத்து இரும்பு கண்ணாடி மாதிரி. நன்றாகத்தான் தாங்கும், ஒரு அளவு வரைக்கும். அதைத் தாண்டினால் வளையாது, நேராக நொறுங்கும். அளவுப் புத்தகத்தில் பழைய ரைஃபிளுக்குத் தனிப் பக்கம், புது ரைஃபிளுக்கு அதைவிடக் கூடுதல் அளவோடு தனிப் பக்கம். டெல்மர் விரலை எச்சில் தொட்டுப் புரட்டிப் புது ரைஃபிள் பக்கத்தில் போய் நின்றான்.

"இதுலேருந்து இது வரைக்கும் போடலாம்னு இருக்கு. சரிதானே?"

"புத்தகத்துல இருந்தா சரிதான்" என்றேன்.

இதில் பொய் எதுவும் இல்லை. அது நல்ல புத்தகம்.

என் மேசையிலேயே உட்கார்ந்து தோட்டா செய்தான். டோனட் தின்றுகொண்டு, பஸ்ஸில் வரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே மருந்தை நிறுத்தான். எந்தப் பிள்ளை பஸ்ஸில் வாந்தி எடுக்கும், எந்தப் பிள்ளைக்கு வீட்டில் சாப்பாடு இல்லை, யாருக்காகச் சீட்டுக்கு அடியில் சாண்ட்விச் வைத்திருக்கிறான், இப்படி. அவன் நிறுத்த ஒவ்வொன்றையும் நான் திரும்ப நிறுத்துப் பார்த்தேன். சில இடங்களில் குறைத்துப் போட்டிருந்தான். அதைச் சரி செய்தேன். ஏன் செய்தாய் என்று நீங்கள் கேட்கலாம். நிறை சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். மேசையில் உட்கார்ந்தால் வேறு எதுவும் என் நினைவுக்கு வராது.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, காற்று எழும்பும் முன் கிளப்பின் சுடும் மைதானத்துக்குப் போனோம். பக்கத்து ஊரில் குதிரை அடக்கும் ரோடியோ நடந்ததால் வேறு யாரும் இல்லை. அவன் சுட்டான், நான் பக்கத்தில் தொலைநோக்கி வைத்துக் குறியட்டையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். தொடக்கத்தில் குண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தன. அளவு கூடக் கூட நெருங்கி வந்தன. பாதி வழியில் அடுத்தடுத்து விழுந்த குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போய் உட்கார்ந்தன. ஒரு காசை வைத்தால் மறைந்துவிடும்.

அழகாக இருந்தது. ஒப்புக்கொள்கிறேன். நான் எத்தனையோ வருடங்களாகத் தேடியும் என் ரைஃபிளில் அப்படி ஒன்று அமைந்ததில்லை.

டெல்மரும் வந்து தொலைநோக்கியில் பார்த்தான். பிறகு, "புரொபசர், இதுதானா அது? நிறுத்திடலாமா?" என்று கேட்டான்.

"இன்னொண்ணு போடலாம். மேல இதவிட நல்ல எடம் இருக்கும்."

போட்டான். அடுத்ததையும் போட்டான். அப்புறம் போல்ட் இறுக ஆரம்பித்தது. உள்ளங்கையால் அடித்துத் திறந்து, விழுந்த கூட்டை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"கேப் கொஞ்சம் சப்பையாத் தெரியுதே, ஆர்வில். பரவாயில்லையா?"

லென்ஸை எடுத்துப் பார்த்தேன். அவசரப்படாமல், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கேப் இஸ்திரி போட்டமாதிரி இருந்தது. ஓரமெல்லாம் வழிந்து பள்ளத்தை நிரப்பியிருந்தது. பித்தளையின் அடிப்பாகம் தேய்ந்து பளபளத்தது. கடையின் பெயர்ப்பலகை மாதிரி அவ்வளவு பெரிய எழுத்தில் 'நிறுத்து' என்று எழுதியிருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. இன்னொண்ணு போடலாம்" என்றேன்.

அவனுக்கு வேர்த்தது. பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டதால் கழற்றித் தொப்பிமேல் மாட்டிக்கொண்டான். பார்த்தேன். எழுந்து என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கான்கிரீட் தூணுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"ஏன்யா அங்க போற?"

"கண்ணுல வெயில் அடிக்குது."

சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. டெல்மர் அதைக்கூடக் கவனிக்கவில்லை. இவன்தான் என்னை ஜெயித்தவன்.

சத்தம் வழக்கமான சத்தமாக இல்லை. ரைஃபிளின் மேல்பாகம் திறந்துகொண்டது. மற்றது உங்கள் ஃபைலில் இருக்கிறது. இரண்டு கண்ணும் போயின, வலது கையில் விரல்கள் போயின. என் பெல்ட்டால் அவன் கையை இறுக்கிக் கட்டி, வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நான்தான். நன்றாகவே கட்டினேன் என்று டாக்டர் சொன்னார். அவன் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இனிமேல் அவன் சுடக்கூடாது, அவ்வளவுதான். அதில் ஒரு நியாயம் இருக்கிறது என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போதும் அதில் மாற்றமில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இங்கே வந்திருக்கமாட்டேன்.

ஒரு வாரம் போலக் கழிந்து அவன் மனைவி நோரீன், மீனும் நூடுல்ஸும் போட்டுச் சுட்ட கேசரோலை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"நீங்க இல்லேன்னா ரத்தம் போயே செத்திருப்பாரு, ஆர்வில். நிறுத்து நிறுத்துன்னு அவ்வளவு சொன்னீங்களாமே. பிடிவாதக்கார மனுஷன், கேக்கவே இல்லியாம். அவரே சொல்லி அழுதாரு."

பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன். ஊர் முழுக்க அதே பேச்சு. புரொபசர் நிறுத்தச் சொன்னாராம், டெல்மர்தான் கேட்கவில்லையாம். பெட்ரோல் பங்கில் ஒருவன் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

டெல்மர் வீடு திரும்பியதும் பார்க்கப் போனேன். வீட்டு முன்னால் கட்டுப் போட்ட முகத்தோடு உட்கார்ந்து ரேடியோவில் பேஸ்பால் கேட்டுக்கொண்டிருந்தான். சுற்றிலும் பஸ் பிள்ளைகள் வரைந்து அனுப்பிய படங்கள். அவனுக்கு எதற்குப் படங்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை போல.

"டெல்மர், நான் உன்ன நிறுத்தச் சொல்லலையே" என்றேன்.

அவன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினான்.

"மெதுவாப் பேசுய்யா, நோரீன் உள்ள இருக்கா. எனக்குத் தெரியாதா? ஆனா அதச் சொல்லி இப்ப யாருக்கு என்ன லாபம்?"

"நீ ஏன் பொய் சொன்ன?"

"மனுஷனுக்குக் கண்ணு ஒரு தடவ தப்பத்தான் செய்யும், ஆர்வில். உனக்கும் வயசாகுதில்ல? கேப்பத் தப்பாப் பாத்துட்ட. வேணும்னேவா செஞ்ச? கிளப்புல தெரிஞ்சா இனிமே எவனும் உங்கிட்ட எதையும் கொண்டாந்து காட்டமாட்டான். அதையும் எடுத்துட்டா உனக்கு வேற என்னய்யா இருக்கு?" கட்டுப் போட்ட கையை நீட்டித் துழாவி என் முழங்காலைக் கண்டுபிடித்துத் தட்டிக்கொடுத்தான். "நான் வாயத் தொறக்கமாட்டேன். நீ போய் நிம்மதியாத் தூங்கு."

நான் மறுபடி கிளப்புக்குப் போனேன். எல்லோரும் எழுந்து இடம் கொடுத்தார்கள். சுட்ட கூட்டை முன்னைவிட மரியாதையாகக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். டெல்மரும் வருகிறான், நோரீன் கொண்டுவந்து விட்டுப் போகிறாள். சுடும் மேசைகளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறான். அவனைச் சுற்றித்தான் இன்னும் கூட்டம். நான் ஒரு கேப்பைப் பார்த்து, "இதோட நிறுத்து" என்று யாரிடமாவது சொல்லும்போது, டெல்மர் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி லேசாகச் சிரிக்கிறான். தைரியம் சொல்லும் சிரிப்பு. ஸ்கூலுக்குப் போக அழுகிற பிள்ளையைப் பார்த்து அவன் பஸ்ஸில் அப்படித்தான் சிரித்திருப்பான்.

அதை என்னால் பொறுக்க முடியவில்லை, மேடம். ரோஷத்துக்காகச் சொல்லவில்லை. உண்மை என்று ஒன்று இருக்கிறது. பல் தேய்க்காத அந்தக் கூட்டத்திலேயே கடைசி ஆள், புத்தகத்தில் பக்கம் பார்க்கத் தெரியாதவன், சப்பையான கேப்பை எனக்குப் படிக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நினைத்துக்கொண்டு என்னை மன்னித்தும் விட்டான்.

இதை விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள், தெரியும். டெல்மர் புகார் கொடுக்கமாட்டான், அதுவும் தெரியும். அந்தக் கூட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். அன்றைக்கு என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது. இங்கே, இந்த வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உங்களுக்கே தெரிகிறது இல்லையா? எனக்கு அன்றைக்கே தெரிந்தது. அடுத்த தோட்டா அவன் முகத்தில் வெடிக்கும் என்று தெரிந்துதான் போடச் சொன்னேன். தூணுக்குப் பின்னால் போனதும் அதனால்தான்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஜெயிலுக்கு அனுப்புவது உங்கள் பாடு. ஒரே ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். அவனால் படிக்க முடியாது, அதனால் நீங்களே நேரில் போய் இந்த வாக்குமூலத்தை டெல்மருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். என் கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை என்று அவன் தெரிந்துகொள்ள வேண்டும்.