எட்டாவது போல்ட்டு

அழகிரிசாமி சொன்னத நான் பதினோரு வருசமா முழுசா நம்பல தாயி. நீயா கேட்டதுனால சொல்லுதேன். காப்பிய அங்கன வையி, பொறவு குடிக்கேன். கையில டெஸ்டர வச்சிக்கிட்டு குடிச்சா எனக்கு எறங்காது.

ஒங்கம்மா செத்ததுக்கு ஊரு பூரா ஒரே கததான. வெயிலம்மா அவசரக்காரி, பட்டாசு மருந்து டப்பாவ தூக்காம தரையில இழுத்தா, உராய்ஞ்சி தீப்பிடிச்சிட்டுன்னு. நீயும் அதக் கேட்டுத்தான் வளந்திருப்ப. ஒங்கப்பாவும் அதயேதான் சொல்லுவாவ. ஆனா மொதல்ல சொன்னது யாரு? போர்மேன் அழகிரிசாமி. அவரு ஒருத்தருதான் தூரத்துல வேப்பமரத்தடியில நின்னு பாத்தவரு. வெசாரணைக்கு வந்தவியளும் அத எழுதிக்கிட்டுப் போய்ட்டாவ.

இரு, இந்த மெயின் சுவிட்சு மூடிய ஒருக்கா பாத்துக்கிடுதேன். ஆமா, இப்பதான் முடுக்குனேன். தெரியும். தெரிஞ்சாலும் பாக்கணும். சிரிக்காத தாயி. வீட்ல ஒங்கத்தையும் இப்படித்தான் சிரிப்பா. ஊருல எல்லாரும் கேஸ மூடுனமான்னு திரும்பி வருவாவ, இந்த மனுசன் ஏறுன பஸ்ஸ விட்டு எறங்கி வந்து போல்ட்ட எண்ணுதாருன்னு. நாளைக்கழிச்சி நீ பால் காய்ச்சப் போற வீடு. எண்ணிட்டுத்தான் போவேன்.

பட்டாசு செய்யுத ஆபீசுல கரண்டு வேல வேற மாதிரி. மருந்து ரூமுக்குள்ள வயரே போவாது. லைட்டு வெளிய இருக்கும், கண்ணாடி சன்னல் வழியா வெளிச்சம் மட்டும் உள்ள போவும். சுவிட்சு வராண்டா சொவத்துல, இரும்புப் பெட்டிக்குள்ள. ரெண்டு ஆளு தூக்கணும், அவ்வளவு கனம். சுவிட்சப் போட்டா உள்ள பொறி பறக்கத்தான் செய்யும், அதத் தடுக்க முடியாது. அந்தப் பொறி உள்ளயே சாவணும். மருந்துத் தூசி உள்ள போய்ரக்கூடாது. அதுக்குத்தான் மூடிக்கு எட்டு போல்ட்டு. ஏழு இருந்தா போதாதான்னு மொதலாளியே என்கிட்ட கேட்டிருக்காரு. ஏழு இருந்தா அந்தப் பெட்டிய கழட்டி வீட்ல அரிசி போட்டு வச்சிக்கிடுங்க மொதலாளின்னேன். அப்படிப் பேசுன ஆளு நான்.

ஒங்கம்மா எப்படி தெரியுமா? வாசல்ல செம்புத் தகடு ஒண்ணு பதிச்சிருக்கும். ஒடம்புல இருக்க கரண்டு மண்ணுக்குப் போவதுக்கு, அதுல கை வச்சிட்டுத்தான் உள்ள போவணும். ஆளுக ஓடுத ஓட்டத்துல மறந்துருவாவ. ஒங்கம்மா ஒருநாளும் மறக்க மாட்டா. கொலுசு, வளையலு, சேலையில குத்துத ஊக்கு, அம்புட்டையும் கழட்டி டிபன் பாக்ஸ்ல போட்டு வெளியவே வச்சிருவா. ஒரு ஊக்குக்கு அம்புட்டு பயந்தவ மருந்து டப்பாவ தரையில இழுத்தாளாம். கேட்ட அன்னைக்கே எனக்கு நெஞ்சுக்குள்ள ஒட்டல.

அப்பவே ஏன் சொல்லலன்னு கேக்க. கேளு, கேக்க வேண்டியவதான் நீ.

அழகிரிசாமி சொன்ன கதையில இன்னொரு பாதி இருக்கு தாயி. கரண்டு பெட்டியில எட்டு போல்ட்டும் இருந்துச்சி, அன்னைக்கு காலம்பற அவரே எண்ணுனாராம், வயர்மேன் மேல ஒரு குத்தமும் இல்லன்னும் அவருதான் எழுதிக் குடுத்தாரு. அந்த வயர்மேன் நாந்தான. மொதப் பாதிய பொய்யின்னு சொன்னா, எனக்காவ சொன்ன பாதியும் சேந்து போய்ரும்லா. அதான் வாய மூடிக்கிட்டேன். இதச் சொல்லுததுக்கு பதினோரு வருசமாயிட்டு.

கொஞ்சம் தண்ணி குடு. இல்ல, நிக்கேன். ஒக்கார முடியல.

அது நடந்ததுக்கு முந்துன வாரம் ஆயுத பூச. ஆபீசு பூரா கழுவி விட்டு, பெட்டிக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வச்சாச்சி. ஒங்கம்மா அவ கையால கட்டுன செவ்வந்தி மாலையோட நிக்கா. அண்ணே, இத எங்கன தொங்க விடங்கா. அந்தச் சொவத்துல ஆணி அடிக்கக்கூடாது, சுத்தியலே அந்தப் பக்கம் வரக்கூடாது. நாந்தான் மெயின ஆஃப் பண்ணிட்டு, மூடியில மேல் மூல போல்ட்டு ஒண்ண கழட்டி, அந்த ஓட்டையில ஒரு கொக்கிய திருவி விட்டேன். பூச முடிஞ்சதும் மாத்திருவோம்னு போல்ட்ட சட்டப் பையில போட்டேன். வருசா வருசம் அப்படித்தான் செய்யுதது. ஒங்கம்மாவுக்கு அம்புட்டு சந்தோசம்.

பொறவு நாலு நாள் லீவு. தெறந்த அன்னைக்குத்தான் வெடிச்சிது, மழ மூடாக்கு. ஒங்கம்மா லைட்டு போட்டுத்தான் இருப்பா.

மாத்துனேனா? அங்கதான் தாயி நிக்கேன். கொக்கிய எடுத்துட்டு போல்ட்ட முடுக்குனது நெனவுல இருக்கு. வாடுன செவ்வந்தி வாடகூட கையில இருக்கு. ஆனா அது அந்த வருசமா, அதுக்கு முந்துன வருசமான்னு மட்டும் தெரியல. வெடிச்சதுல பெட்டியும் கெடைக்கல, சொவரும் கெடைக்கல. எங்கன போய் எண்ண?

போன செவ்வாக்கெழம கடம்பூருக்குப் போனேன். அழகிரிசாமி அங்க மக வீட்ல படுக்கையா கெடக்காரு. பேச்சு மட்டும் தெளிவு. வாங்கிட்டுப் போன போளிய பிச்சித் தின்னுக்கிட்டே என் கையப் பிடிச்சாரு. ஏலே நல்லக்கண்ணு, ஒன்னய நான் காப்பாத்தி விட்டேம்லான்னாரு. சிரிச்சாரு. எதுல இருந்து காப்பாத்துனாரு? இனிமே கேக்காம எந்திரிக்கக்கூடாதுன்னு தோணிட்டு. போல்ட்டப் பத்திக் கேட்டா எட்டுன்னு பழக்கத்துல சொல்லிருவாரு. அதனால போல்ட்டக் கேக்கல தாயி. மால தொங்குச்சின்னா கொக்கி அங்கனதான் இருக்கு, போல்ட்டு என் சட்டப் பையிலதான். அண்ணாச்சி, அன்னைக்கு காலம்பற நீங்க எண்ணும்போது, வெயிலம்மா கட்டுன மால அந்தப் பெட்டியில தொங்குச்சான்னு கேட்டேன்.