வேரை மேலே வைத்த பாட்டு

முன்னொரு காலத்தில், குளத்துக்கு மடை உண்டு, வாய்க்கு மடை இல்லை என்று பேரெடுத்த ஊர் ஒன்று இருந்ததாம். மருதன்குளம். அங்கே சுடலைக்கண்ணு என்று ஓர் உடுக்கைக்காரர். நம்ம பூட்டனுக்கு மூத்தவர். ஒருதடவை தோல் கிழிந்த உடுக்கையோடு மேடையேறி, "இன்னைக்கு இது மௌன விரதம். அதுக்கும் சேத்து நானே பேசுதேன்" என்றாராம். அப்படி ஆள்.

ரேடியோசெட்டு வந்து, அம்மன் கோயில் திருவிழாவான கொடைக்குக் கொடை சினிமாப் பாட்டு அலறின காலம். வயக்காட்டுப் பாட்டெல்லாம் வாயடைத்துக் கிடந்ததாம். அதைத் தேடிப் பிடித்து மூணு பேர் மேடையேற்றினார்கள். உடுக்கைக்குச் சுடலைக்கண்ணு, குடம் அடிக்க ஆவுடையப்பன், பாட்டுக்கு உலகம்மாள்.

உலகம்மாளுக்கு ஓர் அக்கா, சேர்மக்கனி. நடவு வயலில் தங்கை பாட்டாய்க் கேட்பாளாம், அக்கா பாட்டாய்ப் பதில் சொல்வாளாம். தங்கை மேடையேறின அன்றைக்கே அக்கா பேச்சை அறுத்துவிட்டாள். "வரப்புல பாடுனத மைக்குல பாடுதியா? எம்மொகத்துல முழிக்காத, போட்டீ!"

அதோடு நடவுப் பாட்டு மட்டும் மேடைக்கு வரவே இல்லை. "பதிலு எங்கக்கா பங்கு. அத நான் தொடமாட்டேன்" என்பாளாம் உலகம்மாள்.

கொடைக்கு முந்தின நாள் அவள் அழுதாளாம். "அண்ணாச்சி, இந்தக் கொடையிலயும் எங்கக்கா பேசலேன்னா நான் பாட்டையே விட்டுருதேன்."

ஆவுடையப்பன் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டாராம். பாடுகிறவள் போனால் அப்புறம் ஏது பாட்டுச் செட்டு? சுடலைக்கண்ணுதான், "கண்ணத் தொடச்சுக்கோ பிள்ளே. நாளைக்கு நடவுப் பாட்ட எடு. நீ கேக்க வேண்டியத மட்டும் கேளு" என்றாராம்.

மதியக் கொடை. சேர்மக்கனியும் வந்தாள். அம்மனைப் பார்த்து உட்கார்ந்தாள், மேடைக்கு முதுகைக் காட்டி.

உலகம்மாள் எடுத்தாளாம்:

"நாத்துமுடி அவுத்தவளே, நட்ட வயல் எந்த வயல்?"

சுடலைக்கண்ணு உடுக்கையை ஒரு தட்டுத் தட்டி, கழுதைக் குரலில் பதில் பாடினாராம்:

"குன்று மேலே காஞ்ச வயல், வேர மேலே வச்ச வயல்!"

பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. சேர்மக்கனியின் முதுகு மட்டும் ஆடவில்லை. மறுபடியும் கேள்வி. மறுபடியும், இன்னும் உரக்க, "வேர மேலே வச்ச வயல்!"

மூணாவது தடவை திரும்பிவிட்டாளாம்.

"ஏலே, நிறுத்துலே! வேர மேல வச்சு உங்கப்பனா நட்டான்?"

"பின்ன எப்படித்தான் மதினி நடணும்?"

வேகவேகமாய் மேடைக்கு வந்தாள். மைக்கைத் தள்ளிவிட்டாள். தங்கச்சி முகத்தைப் பார்த்துப் பாடினாள்:

"கொளத்தடியில் தாழ்ந்த வயல், கொலுசளவு தண்ணி வயல்!"

உலகம்மாளுக்கு அடுத்த கேள்வி வரவில்லையாம். "கேளுட்டீ, எம்புட்டு நேரம் நிப்பேன்?" என்றாளாம் அக்கா.

இன்றைக்கும் மருதன்குளத்துக் கொடையில் முதல் பாட்டின் பதிலைத் தப்பாய்த்தான் பாட வேண்டும். பெண்கள் எழுந்து வைது, திருத்திப் பாடினால்தான் அடுத்த பாட்டு. அதற்கு உடுக்கைக்காரன் தப்பு என்றே பேர்.

அன்றைக்குக் கூட்டம் கலைந்ததாம். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆவுடையப்பன் போனார். அக்காளும் தங்கச்சியும் சண்டை போட்டுக்கொண்டே ஒரே வழியாய்ப் போனார்கள். கடைசியாய்ச் சுடலைக்கண்ணு எழுந்து, உடுக்கையைத் தோளில் மாட்டி, குளத்தங்கரை மேலே நடந்தாராம். நடக்க நடக்கத் தனக்குள்ளே பாடினாராம், கொளத்தடியில் தாழ்ந்த வயல், கொலுசளவு தண்ணி வயல் என்று, ஒரு சொல் பிசகாமல்.