என் முகத்தைப் பார்த்துப் பேசு

— என் தொப்பியைக் குடுக்கா. நான் கிளம்பறேன்.

— குடுக்க மாட்டேன். இதை முதுகுக்குப் பின்னால மறைச்சு வச்சுக்கிட்டுச் சாயங்காலம் வரைக்கும் நிக்க என்னால முடியும். உட்காரு, எர்மெதே.

— கீழே வண்டி நிக்குதான்னு மட்டும் பாத்துட்டு வந்துடறேன்.

— என்ன முணுமுணுக்கற? ஜன்னலைப் பாத்துப் பேசினா அது என்ன மரியாதை? என் முகத்தைப் பாத்துப் பேசு.

— பயமா இருக்குன்னேன். போதுமா, ஒர்டென்ஸியா அக்கா? நாப்பது வயசைத் தாண்டி, மீசைக்கு எண்ணெய் தடவின ஒரு தடிமாடு வாயைத் திறந்து சொல்றேன். பயமா இருக்கு.

— எத்தனை மேடை ஏறின ஆளு நீ! ராஜா வேஷம், படைத்தளபதி வேஷம், கத்தி எடுத்து ஆறு பேரை வெட்டற வேஷம். கடைசியில பாட்டை மெழுகுல பதியற ஒரு தகரப் புனலைப் பாத்துப் பயம்!

— வெட்டுப்பட்ட ஆறு பேரும் திரை விழுந்ததும் எழுந்து போயிடுவாங்க. மேடையில நான் தப்பு பண்ணாலும் அப்படித்தான். ஜனம் வீட்டுக்குப் போய் ரெண்டு மடக்கு ஒயின் குடிச்சா என் பேரே மறந்துடும். இந்த மெழுகு மறக்காதுக்கா. பத்து வருஷத்துக்கு முன்னால இந்த இழவு மிஷினே இந்த ஊருக்கு வரல. இப்ப வந்து என் கழுத்துல உட்கார்ந்திருக்கு. இதுல ஒரு தடவை என் குரல் பிசிறினா, நான் செத்த பிறகும் அது பிசிறிக்கிட்டே இருக்கும். எவனோ ஒருத்தன் வீட்டுல சூப் குடிச்சுக்கிட்டே சாவியை முறுக்கிக் கேட்டுச் சிரிப்பான்.

— நம்ம ஸ்கார்பெல்லி வீட்டு ஆளைப் பாத்து எவனும் சிரிக்க மாட்டான்.

— பார்மாவுல சிரிச்சானுங்களே! சிரிப்பாவா இருந்துச்சு? விசில்! இதே சிறைக் காட்சிப் பாட்டு, இதே உச்ச சுரம். கந்தல் துணி மாதிரி கிழிஞ்சுது என் தொண்டை. மேல் மாடமே எழுந்து நின்னு விசிலடிச்சுது.

— பார்மாக்காரங்க பன்னித்தொடை விக்கறவங்க. அவங்களுக்குப் பாட்டைப் பத்தி என்ன தெரியும்? நீ சரியாத்தான் பாடின. நான் பக்கத்து மாடத்துல உட்கார்ந்துதானே இருந்தேன்?

— இருந்தே. அந்தக் கூச்சல்ல நீ ஒருத்திதான் முதுகு வளையாம, சிரிச்ச முகமா உட்கார்ந்து கை தட்டிக்கிட்டு இருந்தே. அந்தப் பொம்பளைக்கு என்ன நெஞ்சழுத்தம்னு மறுநாள் காபிக் கடை எல்லாம் அதே பேச்சு. எனக்கும் அன்னிக்கு உன் முகத்தைப் பாத்துத்தான் உயிரு திரும்புச்சு.

— பின்னே, அழுதிருக்கணுமா? கிரெமோனாவுல அப்பாவை விசிலடிச்சு மேடையை விட்டு இறக்கினப்ப நீ அம்மா இடுப்புல இருந்தே. எனக்கு விவரம் தெரிஞ்ச வயசு. வீட்டுக்கு வந்தார். யாரோடயும் பேசல. ஒவ்வொரு ஜன்னலா சாத்தினார். அப்புறம் அந்த ஜன்னலுங்க திறந்தது, அவரைப் பெட்டியில வச்சுத் தூக்கிட்டுப் போன அன்னிக்குத்தான். நான் இருக்கற வரைக்கும் இந்த வீட்டுல இன்னொரு தடவை அப்படி ஜன்னல் சாத்த விடமாட்டேன்.

— அந்த ஜன்னலுங்கதான்கா எனக்குக் கனவுல வருது.

— அதனாலதான் சொல்றேன், பாடு. இந்தத் தட்டைக் கேட்டுட்டுத்தான் ப்யூனஸ் அயர்ஸ்ல இருந்து பாடக் கூப்பிடுவாங்க. பார்மா கதை கடல் தாண்டறதுக்கு முன்னால உன் குரல் தாண்டியாகணும். நிமிர்ந்து நில்லு.

— மன்னிக்கணும். மெழுகு பதமா இருக்கு. ஆறிப்போச்சுன்னா ஊசி இறங்காது. ஐயா தயாரா?

— யாரு அது, திரைக்குப் பின்னால இருந்து மொட்டைத் தலை மட்டும் நீட்டறது? நீங்கதான் பதிவுக்காரர் கெஸ்லரா? முன்னால வாங்க. தாடிக்குள்ளயே பேசாதீங்க, தாடியை ஒதுக்கிட்டு என் முகத்தைப் பாத்துப் பேசுங்க. எங்க வீட்டு வழக்கம் அது.

— மன்னிக்கணும் அம்மா. வேலை செய்யற இடம், மரியாதை கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். முறையைச் சொல்லிடறேன். ஐயா புனலுக்குள்ள முகத்தை வச்சுப் பாடணும். உச்ச சுரம் வர்றப்ப சட்டுனு பின்னால வரணும். இல்லாட்டி ஊசி துள்ளி மெழுகைக் கிழிச்சுடும். பாடற ஆளுக்கு அந்த நேரத்துல நினைவு இருக்காது. அதனால எங்க ஆள் தோனி பின்னால நின்னு தோளைப் பிடிச்சு இழுப்பான்.

— யாரு, வாசல்ல பூண்டு மென்னுக்கிட்டு நிக்கறானே, அவனா? ஸ்கார்பெல்லி வீட்டு ஆளைச் சாக்கு மூட்டை மாதிரி அவன் இழுக்கறதா? நான் இழுக்கறேன்.

— அம்மா, சரியான நொடி தெரியணும்.

— இவன் எந்த இடத்துல மூச்சு எடுப்பான், எந்த இடத்துல திருடுவான்னு இவனை விட எனக்குத் தெரியும். ஒண்ணு மட்டும் செய்யுங்க. அந்தப் பியானோவை இப்படித் திருப்புங்க. வாசிக்கறவர் விரல் எனக்குத் தெரியணும்.

— விரல் எதுக்கு அம்மா?

— அவர் மூஞ்சி எனக்குப் பிடிக்கல. விரலையாவது பாத்துக்கறேன்.

— அக்கா! அந்தப் பெரியவர் காதுல விழப்போகுது.

— விழட்டும். நீ கோட்டைக் கழட்டு.

— முடியாது. குளிருது.

— மெழுகுக்காக அடுப்பைப் போட்டு ரொட்டிக் கடை மாதிரி வச்சிருக்காங்க, உனக்குக் குளிரா? இவ்வளவு தடிக் கம்பளி மேல கை வச்சா எனக்கு என்ன தெரியும்? கழட்டுன்னா கழட்டு.

— பயத்துல குளிருதுக்கா. உள்ளங்கால்ல இருந்து ஏறுது. இதையும் கழட்டினா விழுந்துடுவேன்.

— கெஸ்லர், இவனைக் கழட்டச் சொல்லுங்க.

— கோட்டு இருந்தாலும் பாதகமில்ல அம்மா. மிஷினுக்கு ஒண்ணும் ஆகாது.

— உங்களை யாரு கேட்டா?

— நீங்கதான் அம்மா.

— கெஸ்லர், நான் ஒண்ணு கேக்கறேன். பாடி முடிச்சதும் போட்டுக் கேக்கலாம்ல?

— கேக்கலாம் ஐயா. கேட்டா மெழுகு போச்சு. ஊசி மறுபடி ஓடினா கோடெல்லாம் மழுங்கிடும். கேக்கறதா, வைக்கறதா, ரெண்டுல ஒண்ணுதான். வைக்கறதுன்னா பெட்டியில போட்டு ஜெர்மனிக்கு அனுப்புவோம். தட்டு அடிச்சு வந்த பிறகுதான் நீங்களே கேப்பீங்க. ஊரும் கூடவே கேக்கும்.

— கேக்காமலே அனுப்பறதா? அப்ப நல்லா இருந்துச்சா இல்லையான்னு யாரு சொல்றது? நீங்க சொல்வீங்களா?

— விதி கிடையாது ஐயா. வைன்னா வைப்பேன், சுரண்டுன்னா சுரண்டுவேன். பாட்டைப் பத்தி வாய் திறக்கக்கூடாதுன்னு கம்பெனி விதி.

— இவர் எதுக்குச் சொல்லணும்? இத்தனை வருஷமா யாரு சொல்றது?

— நீதான்கா. உன் காதை நம்பித்தான் நிக்கறேன். நாளைக்கு ஊர் என்ன சொன்னாலும் சரி, நீ நல்லா இருந்துச்சுன்னு சொன்னா நான் தூங்கிடுவேன்.

— அப்ப புனல்கிட்டப் போ. நடுங்காதே. நான் பின்னாலதான் இருக்கேன்.

— எல்லாரும் கவனிங்க. நான் கையை இறக்கினதும் பியானோ தொடங்கணும். இருமக்கூடாது, காலை மாத்தி வைக்கக்கூடாது. முடிஞ்ச பிறகும் நான் சொல்ற வரைக்கும் யாரும் பேசக்கூடாது. இதோ, கையை இறக்கறேன்.

— ...

— பாட்டு முடிஞ்சுது, யாரும் அசையாதீங்க. இன்னும் கொஞ்சம். ஊசியை எடுத்தாச்சு. இப்ப மூச்சு விடலாம்.

— எர்மெதே! என் தங்கமே!

— அக்கா, நான்...

— பேசாதே. அந்த உச்ச சுரத்துக்குத் தலையைத் தூக்கி, நெஞ்சை விரிச்சு வாயைத் திறந்தியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு எனக்கு. சரியா இழுத்தேனா? வெண்கல மணி மாதிரி! அந்தப் பன்னித்தொடை விக்கறவங்க வந்து கேட்டிருக்கணும்.

— கிண்டல் பண்றியா?

— பாட்டு விஷயத்துல நான் என்னிக்குக் கிண்டல் பண்ணியிருக்கேன்?

— திட்டறதுன்னா திட்டிடுக்கா. இப்படி எல்லாம் பேசாதே.

— மணி மாதிரி இருந்துச்சுன்னு சொன்னா திட்டுங்கறான்! கெஸ்லர், இதை வையுங்க. பத்திரமா அனுப்புங்க. அந்தப் பியானோக்காரர் ஏன் பேயைப் பாத்த மாதிரி என்னையே பாக்கறார்?

— அவர் கீழே போய்க் காபி குடிச்சுட்டு வரட்டும் அம்மா. ஐயா, நீங்க ஒரு நிமிஷம் ஜன்னல்கிட்ட வாங்க. மெழுகை வெளிச்சத்துல பாக்கணும்.

— போய்ப் பாருங்க, நல்லா பாருங்க. நான் கையுறையைப் போட்டுக்கறேன். இந்தப் பொத்தான் எப்பவும் ஒரு தகராறு.

— சொல்லுங்க கெஸ்லர். எனக்குத் தெரியும். இருந்தாலும் நீங்க சொல்லுங்க.

— விதிப்படி நான் வாய் திறக்கக்கூடாது ஐயா. ஆனா இங்க பாருங்க. கோடெல்லாம் புழு மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு வருதா? உச்ச சுரத்து இடத்துல மட்டும் வழவழன்னு இருக்கு. பியானோ லேசா விழுந்திருக்கு. உங்க குரல் இல்ல.

— பாடல. வாயைத் திறந்தேன். அந்த விசில் சத்தம் மண்டைக்குள்ள வந்துச்சு. தொண்டை பூட்டிக்கிச்சு. காத்து கூட வெளிய வரல.

— ஆனா அம்மா மணி மாதிரின்னு...

— சொன்னா.

— மெதுவா ஐயா. பின்னாலதான் நிக்கறாங்க.

— மெதுவாவா? இருங்க, நான் திரும்பாமலே கூப்பிடறேன். அக்கா! ஒர்டென்ஸியா! அக்கா, உன் பாவாடையில தீ! அடுப்புல இருந்து தீப்பிடிச்சிருக்கு!

— கடவுளே! தீ எதுவும் இல்லையே ஐயா!

— என்ன செய்யறா? திரும்பினாளா?

— இல்ல ஐயா. பொத்தானைத்தான் போட்டுக்கிட்டு இருக்காங்க.

— பார்மாவுல இப்படித்தான் உட்கார்ந்திருந்தா, கெஸ்லர். ஊரே விசிலடிக்குது, இவ சிரிச்சுக்கிட்டுக் கை தட்டறா. நெஞ்சழுத்தம்னு நினைச்சோம்.

— எத்தனை நாளா இப்படி?

— யாருக்குத் தெரியும்? முகத்தைப் பாத்துப் பேசு, முகத்தைப் பாத்துப் பேசுன்னு உயிரை வாங்குவா. மரியாதைக்குச் சொல்றான்னு நினைச்சேன்.

— சொல்லிடுங்க ஐயா. வைத்தியர்கிட்டக் காட்டலாம்.

— இவ்வளவு நாள் தன் காதாலதான் நான் நிக்கறேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. அந்தக் காது கேக்கலன்னு எனக்குத் தெரிஞ்சது அவளுக்குத் தெரிஞ்சா வீட்டுக்குப் போய் ஜன்னலைச் சாத்திடுவா.

— ரெண்டு பேரும் முதுகைக் காட்டிக்கிட்டு என்ன ரகசியம்? எர்மெதே, இப்படித் திரும்பு. ஏன் முகம் வெளுத்திருக்கு? என்ன சொன்னார் அவர்?

— ஒண்ணுமில்லக்கா.

— ஒண்ணுமில்லாமலா இப்படிப் பாக்கற? என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா? சொல்லு. என் முகத்தைப் பாத்துச் சொல்லு.

— நீ ஏன் கையை அப்படி இறுக்கிக் கட்டிக்கிட்டு நிக்கறக்கா?

— குளிருது.

— ரொட்டிக் கடை மாதிரி இருக்கற இடத்துலயா?

— குளிருதுன்னு சொன்னா குளிருது! நீ விஷயத்தைச் சொல்லு.

— மெழுகுல முடி விழுந்து கோடு அறுந்துபோச்சாம். சுரண்டிட்டு மறுபடி பாடணுமாம்.

— மன்னிக்கணும் அம்மா. தப்பு என்னுதுதான். என் முடி.

— உங்களுக்கு ஏது முடி?

— தாடி முடி அம்மா.

— பாவி மனுஷா! அவ்வளவு சுத்தமான சுரம் வீணாப்போச்சே! இன்னொரு தடவை உனக்கு அப்படி வருமா, எர்மெதே?

— வரும்.

— வராட்டி?

— வராட்டி நீயே சொல்லிடு, சுரண்டிடுவோம். கெஸ்லர், வேற மெழுகு வையுங்க, பியானோக்காரரைக் கூப்பிடுங்க. நீ அந்தக் கையுறையைக் கழட்டுக்கா.

— இப்பத்தானே பொத்தான் போட்டேன்! எதுக்கு?

— இந்தா, நான் கோட்டைக் கழட்டிட்டேன், வெறும் சட்டைதான் இருக்கு. ரெண்டு கையையும் என் முதுகுல, சுரம் அதிர்றது தெரியற மாதிரி, நல்லா அழுத்தி வையி. இந்தத் தடவை உனக்குக் கேக்கும்.