கிளிட்டஸின் உயரம்

— காலை இன்னும் கொஞ்சம் நீட்டும் வே. மடக்கியே வெச்சிருந்தா நான் எங்க கட்டு போட?

— நீட்டியாச்சு மக்கா. இதுக்கு மேல நீட்டினா முட்டு தெறிச்சுப் போவும்.

— நேத்தைக்கு இம்புட்டு வீக்கம் இல்லையே. ஐஸ் வெச்சீரா இல்லியா?

— வெச்சேம். டெல்சி டூட்டிக்குப் போறதுக்கு முன்ன அவதான் வெச்சு விட்டா. ஒரு ஊசி போட்டு விடு பிள்ளேண்ணு கேட்டேம். 'ஆஸ்பத்திரிக்குத்தான் நான் நர்சு, ஒங்க வாலிபால் டீமுக்கு இல்ல'ண்ணு சொல்லிட்டு செருப்ப மாட்டிட்டுப் போயிட்டா.

— ஒம்ம பொண்டாட்டி சொன்னது நாயந்தானே.

— என்ன நாயம்? அஞ்சு மணிக்கு ஃபைனலு. இந்த மங்காஃப்ல உள்ள நம்ம ஊருக்காரனுவ முழுக்க கிரவுண்டுல வந்து நிப்பானுவ. ஃபர்வானியாவுலேந்து பஸ்ஸு பிடிச்சு வாறானுவ, கேட்டியா. அவனுவ என்னத்தப் பாக்க வாறானுவ? கிளிட்டஸுக்க அடியப் பாக்க. அவனுவகிட்ட போயி முட்டு வீங்கிப்போச்சுண்ணு சொல்ல முடியுமா?

— ஆடாதீரும். இந்தப் பட்டை நழுவுது.

— நேத்து செமி முடிஞ்ச பெறவு அந்த மைக்குக்காரன் எங்கிட்ட கேக்கியான். 'அண்ணே, நாப்பத்திமூணு வயசுல எப்படிண்ணே இப்படி அடிக்கிறீங்க? இருவது வயசுப் பயலுவ எல்லாம் பிளாக்குல மாட்டிட்டு முழிக்கியானுவ, ஒங்க பந்து மட்டும் எப்படிண்ணே தரையில போயி விழுது?'

— நீரு என்ன சொன்னீரு?

— உள்ளதச் சொன்னேம். ராத்திரி சோறு கெடையாது. புரோட்டா தொடுகது இல்ல. வெளுக்குமுன்ன கடல்ல இறங்கி நீந்துகேன். பெறவு, கண்ணு. எதிராளிக்க தோளப் பாத்தாலே அவன் எந்தப் பக்கம் துள்ளிச் சாடுவாண்ணு எனக்குத் தெரிஞ்சு போவும். வயசு ஏற ஏற காலு கொறயும், கண்ணு கூடும். அதாக்கும் ரகசியம்ணு சொன்னேம். பயலுவ கையத் தட்டினானுவ.

— ம்.

— நம்ம சைட்டுல ஒரு அமெரிக்கன் இன்ஜினியர் உண்டும்லா, வழுக்கத் தலையன். அவனும் இதத்தான் சொல்லுவான். அவனுவ ஊருல பேஸ்பால்ணு ஒரு கம்பு வெச்சு அடிக்குத வெளையாட்டு. அதுல நாப்பது தாண்டியும் கெட்டிக்காரனா நிக்கியவன் உண்டாம். ஓட்டம் போயிரும், கை வேகம் போயிரும். ஆனா எறியியவனுக்க கை அசைஞ்ச ஒடனே என்ன பந்து வருதுண்ணு அவனுக்குத் தெரியுமாம். 'யூ ஆர் லைக் தெம்'ண்ணான்.

— அந்த ஆட்டம் வேற வே.

— என்ன வேற?

— அதுல எதிராளி எறிஞ்ச பந்த அவன் தனியா நின்னு அடிக்கான். நம்ம ஆட்டத்துல கூட்டாளி தூக்கிவிட்ட பந்தத்தானே அடிக்கோம்.

— அது செரிதான். நீ நல்ல செட்டருதான், ஆரு இல்லண்ணா? ...கொஞ்சம் இறுக்கிக் கட்டு.

— கிளிட்டஸு.

— என்ன மக்கா?

— புதங்கெழம கார்மேகம் சார் ஒம்மள ஆபீசுக்குக் கூப்புட்டாராமே.

— கூப்பிடுவாரு. மேனேஜருண்ணா கூப்பிட மாட்டாரா? ஃபைனலுக்கு என்ன பிளானுண்ணு கேட்டாரு.

— அப்ப ஃபைனலுக்கு நாம வந்திருக்கவே இல்லையே வே. செமியே வியாழக்கெழமதான்.

— ஃப்ரிட்ஜுல மோரு இருக்கு. எடுத்துக் குடியேன். மவ ஜினி டியூஷன் போயிருக்கா, அவ வந்தா மீனு பொரிச்சுத் தருவா.

— மோரு வேண்டாம். என்ன கேட்டாரு?

— சிங்கு, ஒனக்கு ஆரு சொன்னது?

— யாரு சொன்னா என்ன? நீரு சொல்லும்.

— ...விசா தந்த அரபி மொதலாளி, நம்ம கபீலுக்க மவன் கம்பெனிய எடுத்த பெறவு நெலம ஒனக்குத் தெரியும்லா. அவனுக்கு வாலிபாலு பிடிக்காது. அப்பன் ஆசைக்கு நம்மள பிளேயர் விசாவுல கொண்டு வந்து, ஸ்டோர்கீப்பருண்ணு பேப்பருல எழுதி வெச்சான். மவன் கணக்குப் பாக்கியான். கெழவனுவள்ல ஒருத்தனுக்குத்தான் இங்க தங்குகதுக்குள்ள அக்காமா புதுப்பிப்பேண்ணு சொல்லிட்டானாம். கார்மேகம் எங்கிட்ட கேட்டாரு.

— என்னன்னு?

— 'கிளிட்டஸ், செல்வசிங்குக்குப் பதில் அந்தப் புதுப் பையன் பெர்லின் பந்து போட்டா ஒங்களால அடிக்க முடியுமா?'ண்ணு.

— நீரு?

— நான் என்ன சொல்லட்டு மக்கா? பையன் கொள்ளாம். ஆறடிக்கு மேல வளந்து நிக்கியான். வெரலு நல்ல வெரலு.

— அது எனக்குத் தெரியும். நீரு என்ன சொன்னீரு?

— முடியும்ணு சொன்னேம்.

— ம்.

— திட்டு. திட்டேம்ல. இருவது வருசம் ஒரு நெட்டுக்கு முன்ன நின்னோம். செருப்பால அடி, வாங்கிக்கிடுகேன். ஆனா ஒண்ணு யோசி. டெல்சிக்க விசாவுல என்னெ இங்க நிறுத்த முடியாது. நான் போனா அவளும் பிள்ளயும் தனியா நிக்கணும். ஜினிக்கு பத்தாங்கிளாசு பரிச்ச. அவ இங்கயே பெறந்து வளந்தவ. எனக்க ஊருல போயி நான் வலை இழுக்கவா? அப்பன் செத்த அன்னைக்கே வள்ளத்த வித்தாச்சு. ஒனக்கு அப்படியா? ஒனக்க பெஞ்சாதி பிள்ளைய எல்லாம் ஊருல, நாசரேத்துல இருக்கு. நீ போனா ஒனக்க குடும்பத்துக்குத்தான போற.

— எனக்க மவளுக்கு இப்ப பதினாறு வயசு வே. மூணு லீவுக்கு முந்தி போனப்ப, கதவத் தொறந்து பாத்துட்டு, 'அம்மா, யாரோ வந்திருக்காவ'ன்னு உள்ள போயிச் சொன்னா. அது கெடக்கட்டும். எனக்கு நேத்து ஆட்டம் முடிஞ்ச ஒடனேயே தெரியும். கார்மேகம் சாரு கை குடுத்தாரு. 'நல்லா ஆடினீங்க, இதான் கடைசி, நாளைக்கு பெர்லின் எறங்கட்டும், கிளிட்டஸும் சரின்னு சொல்லிட்டாரு'ன்னாரு.

— தெரிஞ்ச பெறவுமா எனக்க முட்டுக்கு கட்டு போட வந்த?

— ஃபைனலு இருக்குலா. வேற யாரு கட்டுவா?

— மக்கா, எனக்கு ஒனக்க மொகத்தப் பாக்க முடியல்ல.

— அப்ப முட்டப் பாரும். வலிக்கிற எடத்தச் சொல்லும்.

— இங்கினதான். உள்பக்கம். ...சிங்கு, ஒரு காரியம் செய்வியா? சாயங்காலம் ஆட்டத்துக்கு முன்ன வாமப் பண்ணும்போ நீ பெர்லினுக்கு பக்கத்துல நின்னு சொல்லு. பழைய மாதிரியே பந்தத் தூக்கிப் போடச் சொல்லு. எனக்கு ஒனக்க பந்து பழகிப் போச்சு.

— பழைய மாதிரின்னா எந்த மாதிரி?

— அது என்ன கேள்வி? கம்புக்கு மேல. நெட்டுக்க ஓரத்துல நட்டிருக்க அந்தச் செவப்பு வெள்ளக் கம்புக்க தலைக்கு மேல. எப்பவும் அங்கதான எனக்குப் பந்து.

— அது அப்ப வே.

— எப்ப?

— அபு ஹலிஃபாவுல ஒரு டோர்னமெண்டு ஆடினோமே, ஞாபகம் இருக்கா? நீரு ரெண்டு பந்த நெட்டுல அடிச்சீரு. பந்து சரியில்லன்னு என்னையத் திட்டினீரு. பந்து சரியாத்தான் இருந்துச்சு. நீருதான் அந்த ஒசரத்துக்கு வரல.

— அன்னைக்கு எனக்குக் காய்ச்சலு.

— காய்ச்சலுன்னுதான் நானும் நெனச்சேன். அடுத்த வாரம் காய்ச்சல் இல்ல. அப்பவும் வரல. அன்னைக்கு ஒரு விரல்கடை தாழ்த்திப் போட்டேன். ஒமக்குத் தெரியல. தரையில கொண்டு எறக்கினீரு, 'இதாக்கும் பந்து'ன்னு என்னையக் கட்டிப் புடிச்சீரு.

— என்ன சொல்லுக நீ?

— அதுக்குப் பொறவு ஒவ்வொரு சீசனும் கொஞ்சங் கொஞ்சமாத் தாழ்த்திட்டே வந்தேன். தாழ்த்துனா எதிராளி கையத் தூக்கி மறிக்கிற பிளாக்குல மாட்டும். அதுக்காவ நம்ம டீமுல நடுவுல நிக்கிற பயல, அவந்தான் அடிக்கப் போறான்கிற மாதிரி மொதல்ல சாட விடுவேன். எதிராளி ரெண்டு பேரும் அவங்கூட சாடிருவானுவ. அவனுவ கீழ எறங்குத நேரத்துல பந்து ஒம்ம கையில இருக்கும். ஒமக்கு முன்னால ஆளே இருக்க மாட்டான். அத நீரு கண்ணுன்னு நெனச்சீரு.

— பொய்யி.

— சரி, பொய்யி.

— நீ கோவத்துல சொல்லுக. நான் ஒன்னெ வெட்டி விட்டேண்ணு கோவம். அதுக்காவ எனக்க ஆட்டத்த... நான் வெளுக்குமுன்ன கடல்ல எறங்கியது பொய்யா? இந்த வயித்தக் கட்டி, வாயக் கட்டி... எல்லாம் பொய்யா?

— அது ஒண்ணும் பொய்யில்ல. அது இல்லன்னா நீரு எப்பவோ குப்புற விழுந்திருப்பீரு. ஆனா அதுமட்டும் பத்தாது வே. எந்திரியும்.

— என்னத்துக்கு?

— அந்த ஜன்னலுக்குப் பக்கத்துல நின்னு சாடிக் கையத் தூக்கும். நம்ம நெட்டுக்க ஒசரம் அந்த மேல் சட்டம்தான், அதுக்கு மேல கை எம்புட்டு போவுதுன்னு பாரும். சாடும்.

— முட்டு வலிக்கி.

— சரி. இரியும். நான் ஒம்மளக் கொறச்சுப் பேசல. நாப்பத்திமூணு வயசுக்கு இந்தக் கை வீச்சு யாருக்கும் கெடையாது. ஒசரம் மட்டுந்தான் இல்ல.

— ஏன் எங்கிட்ட சொல்லல்ல?

— சொல்லியிருந்தா அடுத்த பந்துக்கு நீரு யோசிப்பீரு. அடிக்குறவன் யோசிச்சா முடிஞ்சு போச்சு.

— வேற ஆருக்கெல்லாம் தெரியும்?

— இத்தன வருசம் ஒருத்தருக்கும் தெரியாமத்தான் வெச்சிருந்தேன். சோஹார்ல ஒரு கம்பெனி என்னையக் கூப்பிட்டாவ. ரூம் தனியா, குடும்பத்துக்கும் விசா. மவளயும் கூட்டிட்டு அங்க வந்துருதேன்னு பொண்டாட்டி அழுதா. நான் போவல.

— எனக்காவயா?

— நான் போயிருந்தா அடுத்த ஆட்டத்துலயே ஒம்மள ஒக்கார வெச்சிருப்பாவ. எனக்கும் ஒரு கிறுக்கு வே. மைக்குல ஒம்ம பேரச் சொல்லும்போதெல்லாம் எனக்கு என் பேரச் சொன்ன மாதிரி இருக்கும்.

— ஐயோ... மாதாவே. சிங்கு, நான் என்ன செஞ்சு வெச்சிருக்கேம்.

— அழாதீரும். அடுத்த வீட்டுல ஆளு இருக்காவ.

— அந்தப் பய இன்னைக்கு கம்புக்கு மேல போடுவான். நான் காத்துல வீசுவேம். கபீலுக்க மவன் வேற வாறான், பாத்துட்டு இருப்பான்.

— ஆமா, அவன் வாரான்.

— நான் கார்மேகத்துக்குப் போன் பண்ணுகேன். செல்வசிங்கு இல்லாம என்னால ஆட முடியாதுண்ணு சொல்லுகேன். ஒனக்கும் எனக்கும் சேத்து அக்காமா அடிக்கச் சொல்லுகேன். போன எங்க வெச்சேம்?

— வேண்டாம் வே. போன வையும்.

— இல்ல, நான் சொல்லுவேம். கால்ல விழுகேன்.

— கேக்க மாட்டாவ. நான் சொல்லுததக் கேளும்.

— அப்பம் ஒண்ணு மட்டும் செய்யி மக்கா. நான் கேக்க யோக்கியத இல்லாதவன். இருந்தாலும் கேக்கேன். அந்தப் பயலுக்கு நீ சொல்லிக் குடு. எவ்வளவு தாழ்த்தணும், நடுவுல உள்ளவன எப்பம் சாட விடணும், எல்லாம். அவன் வெவரமுள்ள பய, பிடிச்சுக்கிடுவான். எனக்கு ஜினிக்க பரிச்ச முடியுத மட்டும் நின்னாப் போதும்.

— சொல்லிக் குடுத்துட்டேன்.

— என்னது?

— நேத்து சாயங்காலம். எல்லாரும் போன பொறவு அந்தப் பயல கிரவுண்டுலயே நிறுத்தி, நூலு கட்டி ஒசரம் காட்டிச் சொல்லிக் குடுத்தேன். நான் போயிட்டா ஒமக்கு யாரு போடுவா?

— நான் ஒன்னெ வெட்டி விட்டது தெரிஞ்ச பெறவா?

— தெரிஞ்ச பொறவுதான்.

— நீ மனுசன் இல்ல மக்கா. அப்பம் இன்னைக்கு பந்து ஒழுங்கா வருமா?

— வரும். நல்லாப் போடுதான்.

— பின்ன ஏன் ஒனக்க மொகம் இப்படி இருக்கு? வந்ததுலேந்து பாக்கேன், ஒண்ணும் குடிக்கவும் மாட்டேங்குத.

— கிளிட்டஸு, நான் நல்லது நெனச்சுத்தான் செஞ்சேன். அத மட்டும் நம்பும்.

— என்ன ஆச்சு?

— பய சின்னவன். வெவரம் தெரியாமக் கேட்டுட்டான். 'இவ்வளவு தாழ்த்தித்தான் அவருக்குப் போடணும்னா, அந்த எடத்துல வேற யாரையாவது நிறுத்தக் கூடாதா சார்'ன்னு கார்மேகம் சாருக்குப் போனப் போட்டிருக்கான்.

— கார்மேகம்?

— நேத்தைய ஆட்டத்த வீடியோ எடுத்திருந்தாவல்லா. அத ராவோட ராவா போட்டுப் பாத்திருக்காவ. நீரு சாடுத எடமெல்லாம் நிறுத்தி நிறுத்தி. கபீலுக்க மவனும் கூட இருந்திருக்கான்.

— ...பாத்துட்டு?

— காலையில எனக்குப் போன் வந்துச்சு. ஃபைனலு முடியுத வரைக்கும் ஒம்மகிட்ட வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னாரு. முட்டுக்கு நல்லா கட்டு போட்டுக் கூட்டிட்டு வான்னாரு.

— எத சொல்லக் கூடாதுண்ணாரு? சிங்கு, என்னெப் பாரு. எத?

— திங்கக்கெழம திருவனந்தபுரம் பிளேன்ல, எனக்குப் பக்கத்து சீட்டு ஒமக்குத்தான் வே.