அலமாரியை விட்டு இறங்காத புடவை

எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வாசனையிலேயே எனக்குத் தெரிந்துவிடும், சார். அதை ஒரு குற்றமாக எழுதிக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

பிள்ளையார்பாளையத்தில் வங்கிக்குக் கிரெடிட் கார்டு வாங்க ஆள் பிடித்துக் கொடுப்பவள் நான். கார்டுக்கு இவ்வளவு என்று கமிஷன். யாருக்குப் பணமுடை என்று அறிய வங்கிக்காரர்கள் கம்ப்யூட்டரைத் தட்டுவார்கள். எனக்குக் குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றால் போதும்.

ரேணுகாம்பாள் எனக்கு எதிர்வீடு. மகள் பொன்னிக்கு நகை சேர்த்தால்தான் வரன் வரும் என்று தவித்தாள். கார்டு வாங்கிக் கொடுத்தேன். ரொக்கத்துக்கு உதயகுமாரின் பட்டுக்கடை இருக்கிறது. புடவை விற்றதாகக் கார்டைத் தேய்ப்பார், புடவை அலமாரியிலேயே இருக்கும், பணம் கைக்கு வரும். ஒரே மயில்கழுத்துப் புடவையை எங்கள் தெருவே வாங்கியிருக்கிறது. ஒருத்தியும் கட்டியதில்லை.

தேய்த்ததில் நூற்றுக்கு இரண்டு ரூபாயை வங்கி கடைக்காரரிடம் பிடித்துக்கொள்ளும். அவர் ஐந்தாக ரேணுகாம்பாளிடம் பிடித்துக்கொண்டார். அதில் ஒன்று எனக்கு. யாருக்கும் நஷ்டமில்லை.

பில் வந்ததும் ஓடிவந்தாள். "இவ்ளோவும் கட்டணுமா காந்தாக்கா?"

"கீழ மினிமம்னு சின்னதா போட்டிருக்குது பாரு. அத்த மட்டும் கட்டிக்கினு இரும்மா."

அதைக் கட்டினால் அபராதம் வராது. மீதிக்கு மாதம் நூற்றுக்கு மூன்றரை வட்டி ஓடும். ஒழுங்காகக் கட்டிக்கொண்டே வந்தாள், கடன் மட்டும் கரையவே இல்லை. முழுசாக அடைக்கிறவர்களால் வங்கிக்குப் பெரிய வருமானமில்லை. இவளைப் போல் பயந்த மனுஷிகள்தான் அவர்களுக்கு நல்ல வாடிக்கை. நான் இதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஒருவழியாக வரன் அமைந்த சமயம், மினிமமும் கட்ட முடியாமல் போயிற்று. செல்லை அணைத்துவிட்டு, முசரவாக்கத்தில் தங்கை வீட்டில் ரகசியமாக நிச்சயதார்த்தம் வைத்தாள். என்னைக் கூப்பிடவில்லை. எதிர்வீடு, சார். மனசு நோகாதா? வங்கிக்காக வசூலுக்கு வரும் தினகரன் விசாரித்தான், இடத்தைச் சொன்னேன். தட்டு மாற்றும் நேரத்துக்குப் போகச் சொன்னதும் நான்தான். நாலு பேர் பார்க்கும்போது கேட்டால் வெட்கப்பட்டாவது கட்டுவாளே என்றுதான்.

தினகரன் வாசலில் நின்று, "நகை கார்டுல வாங்கினீங்க, சரி. மாப்ளைய மட்டும் ரொக்கத்துக்கா எடுக்கறீங்க? அவரையும் தவணையில போட்டுக்கலாமேம்மா" என்றானாம். மாப்பிள்ளை வீட்டார் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். மறுநாள் காலையில் ரேணுகாம்பாள் கிணற்றில் இருந்தாள்.

தெருவில் அதிகம் அழுதவள் நான். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

கார்டு வைத்திருந்தவர் போய்விட்டால், பிள்ளைகள் தங்கள் சம்பளத்திலிருந்து அந்தக் கடனைக் கட்ட வேண்டியதில்லை. எனக்குத் தெரியும். பொன்னிக்குத் தெரியாது. காரியம் முடிந்ததும் போய், "அம்மா பேர்ல கடன் நிக்கலாமா கண்ணு? அவ நிம்மதியா போய்ச் சேர வேணாமா?" என்றேன். தலையாட்டினாள். அவள் பேரில் புதுக் கார்டு வாங்கி, உதயகுமார் கடையில் தேய்த்து, அம்மா கணக்கை அடைத்தோம்.

தாயில்லாப் பெண். இன்று அவளுக்கு மினிமம் கட்ட வேண்டிய தேதி, சார். நான் போய் நினைவுபடுத்தாவிட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?