சிவப்புக் கம்பளி

அன்று மதியம் எங்கள் வீட்டு மேசையில் ஐந்து பேர் இருந்தோம். நான், கஸ்பரே நத்தோலி, வயது எண்பத்தொன்று. என் தங்கை அசுந்தா. பக்கத்து வீட்டு மீனவன் ரொசாரியோ. ஜெனோவாவிலிருந்து பாய்மரப் படகில் வந்திருந்த கொர்ராதோ, அவன் மனைவி லிவியா. வாள்மீனில் உப்பு சற்றுத் தூக்கலாக இருந்தது. வேறு குறை எதுவும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள், அதிகாரி அவர்களே. உங்கள் அலுவலகத்துக்கு வரும் ஏற்றம் என் முழங்காலுக்கு ஆகவில்லை. இன்னொரு முறை என்னால் வர முடியாது.

நீங்கள் இந்த ஸ்ட்ரோம்போலித் தீவுக்கு மாற்றலாகி வந்து ஓராண்டுகூட ஆகாததால் கம்பளியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் கரையில் படகு ஒதுங்க இடமில்லை. எரிமலை அப்படியே செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. வடகிழக்குக் காற்று எழுந்தால் நங்கூரமிட்ட படகு பாறையில்தான் போய் மோதும். ஆனால் அந்தக் காற்று கடலைத் தொடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உச்சியில் புகை திரும்பிவிடும். மலையை நாங்கள் 'அவர்' என்றுதான் சொல்வோம். அவர் புகையைத் திருப்பியதும் எங்கள் மாடியிலிருந்து சிவப்புக் கம்பளியைத் தொங்கவிடுவது என் பாட்டனார் காலத்து வழக்கம். அதைக் கண்டதும் படகுகள் தீவின் மறுபக்கம் போய்விடும். கடலோடிகளின் வழிகாட்டி நூலில் எங்கள் வீட்டைப் பற்றி இரண்டு வரி உண்டு. படகுகளைக் காத்தவர் என்று இறங்குதுறையில் என் தந்தையின் பெயரில் பளிங்குக் கல் உண்டு. பார்த்திருப்பீர்கள்.

கொர்ராதோ மரியாதை தெரிந்தவன். எங்கே நங்கூரம் போடலாம் என்று காலையில் வந்து கேட்டான். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே இடம் காட்டினேன். அங்கே பாறை இடுக்கில் நங்கூரம் நன்றாகக் கடிக்கும், எடுக்கத்தான் நேரமாகும். கம்பளியைப் பார்த்துக் கிளம்புகிறவர்களுக்கு அந்த நேரம் இருக்கும். சாப்பிட அழைத்ததும் நான்தான். லிவியா அசுந்தாவுடன் உட்கார்ந்து உப்பில் ஊறப்போடும் கேப்பர் மொட்டுகளை ஆய்ந்து கொடுத்தாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

சாப்பாட்டின் நடுவில் அவன் ஒரு பழைய கடிதத்தை எடுத்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் அவன் தாத்தாவின் படகு எங்கள் கரையில்தான் உடைந்ததாம். பிழைத்து வந்த பாட்டி எழுதி வைத்தது அது.

"அன்னிக்கு மாடியில கம்பளியே இல்லன்னு பாட்டி எழுதியிருக்காங்க, தோன் கஸ்பரே. நான் யாரையும் குறை சொல்லல. அந்தப் பளிங்குக் கல்லு பக்கத்துல தாத்தா பேரும் இருந்தாப் போதும். நடந்ததப் படகுப் பத்திரிகையில எழுதலாம்னு இருக்கேன்."

"சாப்பிடுற நேரத்துல இது எதுக்குங்க?" என்றாள் லிவியா.

ரொசாரியோ வயிறு குலுங்கச் சிரித்தான். "அப்ப உங்கப்பா அந்தக் கம்பளிய இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கிட்டாரு போல. அந்த வெயில்ல எப்படித்தான் வேர்க்காம இருந்துச்சோ."

நான் எல்லோருக்கும் இன்னும் கொஞ்சம் ஒயின் ஊற்றினேன். கடிதம் பொய் என்று நான் சொல்லவரவில்லை. எனக்கு அப்போது பதினான்கு வயது, புகை திரும்பியதைப் பார்த்தேன். மதிய உறக்கத்திலிருந்து என் தந்தையை எழுப்பக் கூடாது என்பது வீட்டு ஒழுங்கு, நான் எழுப்பவில்லை. ஆனால் அது ரொசாரியோவின் முன்னால் படிக்க வேண்டிய கடிதம் அல்ல.

கிளம்பும்போது லிவியா கேட்டாள். "காத்து திரும்பினா கம்பளி போடுவீங்கல்ல, பெரியவரே?"

"அறுபது வருஷமா நான்தாம்மா போடறேன்" என்றேன். அதில் பொய் இல்லை.

"அப்ப இவரு தூங்கட்டும். நான் மேல உக்காந்து உங்க மாடியப் பாத்துக்கறேன்."

சொன்னபடியே செய்தாள். படகின் மேல்தளத்தில் ஒரு புத்தகத்துடன் எங்கள் வீட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் நிமிர்ந்து பார்த்தாள். ஒருமுறை கையசைத்தாள். நானும் கையசைத்தேன்.

பிறகு புகை திரும்பியது. அசுந்தா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, அவரு திரும்பிட்டாரே. கம்பளி எங்க?"

"நான் பாத்துக்கறேன். நீ போய்ப் படு."

அவள் என்னை எதிர்த்துக் கேட்டதில்லை. போய்ப் படுத்துக்கொண்டாள். அவளை இதில் சேர்க்காதீர்கள்.

காற்று வந்தபோது மணி நாலேகால். கொர்ராதோ சட்டையில்லாமல் எழுந்து ஓடி வந்து சங்கிலியை இழுத்தான். நங்கூரம் வரவில்லை. லிவியா சுக்கானைப் பிடித்துக்கொண்டு அப்போதும் எங்கள் மாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றைவிடத் தன் கண்ணைத்தான் அவள் சந்தேகித்தாள் என்று நினைக்கிறேன். ஐந்து மணிக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. இருவரையும் மூட எங்கள் வீட்டிலிருந்துதான் போர்வைகள் போயின, சிவப்பைத் தவிர. கடிதம் கடலோடு போயிற்று. லிவியாவுக்காக வருந்துகிறேன். ஆனால் அவளும் அதைப் படித்திருந்தாள்.

விபத்து என்று எழுதி நீங்கள் கோப்பை மூடிவிட்டது எனக்குத் தெரியும். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். காரணம் ரொசாரியோ. கிழவனுக்கு வயதாகிவிட்டது, அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்கிவிட்டான், அப்பனைப் போலவே பிள்ளையும் என்று இறங்குதுறையில் சொல்லித் திரிகிறானாம். ரொட்டிக் கடையில் அசுந்தாவின் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள்.

அது தவறு. நான் தூங்கவில்லை. புகை திரும்பியது மூன்று மணி பத்து நிமிடத்துக்கு. கம்பளி மடித்தபடி என் மடியில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் யாரும் காவலில் தவறியதில்லை.