தக்காளிச் சிவப்பு

அய்யய்யோ, அத எடுக்காதீங்க தம்பி. கீழ வச்சிடுங்க. டையும் கர்ச்சீப்பும் ஒரே துணியில, ஒரே பெட்டியில இருக்கே, அது கப்பல்ல வந்து இறங்குற டூரிஸ்ட்டுங்களுக்கு. நேப்பிள்ஸ்ல பொறந்துட்டு அதப் போட்டுக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போனீங்கன்னா, பாதிரியாரே சிரிச்சிடுவாரு.

கல்யாணம் எப்பன்னு சொன்னீங்க? அடுத்த சனிக்கிழமையா. கோட்டு தச்சாச்சா? கருநீலம். சரியான கலர். மொதல்ல சட்டையப் பாப்போம். சட்டைதான் தரை. அதவிட டை ஒரு படி அடர்த்தியா இருக்கணும். சட்டையில கோடு இருந்தா டையில புள்ளி, கோடு பொடிசா இருந்தா புள்ளி கொஞ்சம் பெருசு. ரெண்டும் ஒரே அளவுல இருந்தா, பாக்குறவங்களுக்குக் கண்ணு கூசும். கோட்டு மேல்பாக்கெட்டுல வைக்கிற கர்ச்சீப் இருக்கே, அது டைக்கு ரெட்டைப் பிள்ளை கிடையாது. சித்தப்பா மகன் மாதிரி. சொந்தம்னு தெரியணும், ஆனா ஒரே மூஞ்சியா இருக்கக் கூடாது.

கழுத்து அளவு எடுக்கணும், இப்படித் திரும்புங்க. பேரு சொல்லுங்க, சட்டைக்கு எழுதிக்கிறேன். புரூனோ. அப்புறம்?

மிராலியாவா.

எந்த மிராலியா? வக்கீல் மிராலியா வீடா? அட்டிலியோ மிராலியாவோட மகனா நீங்க?

உக்காருங்க. இல்ல, நீங்க நில்லுங்க, நான்தான் உக்காரணும். ஒண்ணுமில்ல, வயசாச்சுல்ல, குனிஞ்சு நிமிந்தா இப்படித்தான்.

அம்மா அனுப்புனாங்களா? அப்பா வாங்குன கடையிலயே வாங்குன்னு சொன்னாங்களா. அவங்களுக்குத் தெரியாது. இல்லல்ல, இந்தக் கடை இன்னும் நடக்குறது அவங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன், அதத்தான் சொல்ல வந்தேன்.

ஆமா, அனியெல்லோ நான்தான். என் பேர வீட்டுல சொல்லுவாரா? அப்படியா.

உங்கப்பாவுக்குக் கலர் தெரியாதுங்கிறது உங்களுக்குத் தெரியுமா? சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒண்ணுதான். ரெண்டும் மண்ணு மாதிரி தெரியும்னு சொல்வாரு. மொத தடவ கடைக்குள்ள வந்தப்ப பழுப்புக் கட்டம் போட்ட சட்டை, அதுக்கு மேல பாசி படிஞ்ச மாதிரி ஒரு பச்சை டை. அனியெல்லோ, நான் பேசுறத நீதிபதி கேக்கவே மாட்டேங்குறாரு, என் டையவே பாக்குறாருன்னாரு. நான் சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு. அன்னிலேருந்து பதினொரு வருஷம். கோர்ட்டுல வாதம் இருக்குற நாளெல்லாம் காலையில எட்டே முக்காலுக்கு வெறும் கழுத்தோட வந்து இங்க நிப்பாரு. இதோ, நீங்க நிக்கிறீங்களே, இதே இடத்துல. பக்கத்துக் கடைக் காப்பி ரெண்டு வரும். அவரு குடிக்கக் குடிக்க நான் டை கட்டி விடுவேன். அசையாதீங்கய்யான்னு சொன்னாலும் கேக்க மாட்டாரு, அன்னிக்கு என்ன பேசப் போறார்னு என்கிட்ட மொதல்ல பேசிக் காட்டுவாரு. நான்தான் அவருக்கு மொத நீதிபதி.

கண்ணாடி பாக்க மாட்டாரு தம்பி. பாத்து என்ன ஆகப்போகுது, நீ பாத்தியா, போதும்பாரு. அப்படி ஒரு நம்பிக்கை.

அந்த மீன் மார்க்கெட் கேஸு... அம்மா சொல்லியிருப்பாங்க. வியாபாரிங்ககிட்ட வசூல் பண்ற கும்பலுக்கு எதிரா ஒரு வக்கீலும் வாய் தெறக்கல. இவர்தான் எடுத்தாரு. ஒம்பது மாசம் நடந்துச்சு. மெரட்டல் எல்லாம் வந்துச்சு, சிரிச்சுக்கிட்டேதான் சொல்வாரு. ஆனா கடைசி வாதத்தன்னிக்கு சிரிக்கல. காப்பிய பாதியில வச்சிட்டாரு. நான் இளநீலச் சட்டைக்குக் கரும்பச்சை டை கட்டுனேன், அதுல குட்டிக் குட்டியா சிவப்புப் புள்ளி. மேல்பாக்கெட்டுக்கு பட்டுல ஒரு கர்ச்சீப் எடுத்தேன். தக்காளிச் சிவப்பு. பட்டுக்குப் பேர்போன கோமோவுலேருந்து அந்த வாரம்தான் வந்துச்சு. டையில இருக்குற புள்ளிய அப்படியே தூக்கிக் காட்டும்.

கொஞ்சம் தூக்கலா இருக்குமோன்னு அவருக்கு ஒரு சந்தேகம். கலர் கண்ணுக்குத் தெரியாது, ஆனா நான் மடிக்கிற வேகத்த வச்சே கண்டுபிடிச்சிடுவாரு. வெள்ளையே வையேன் அனியெல்லோ, இன்னிக்கு யார் கண்ணுலயும் படாம போயிட்டு வந்தா போதும்னாரு.

நான் கேக்கல. இன்னிக்குத்தான்யா எல்லார் கண்ணுலயும் படணும், அங்க போயி பயந்தவன் மாதிரி நிப்பீங்களான்னு கேட்டேன். பயந்தவன்னு சொல்லிட்டேன் அவரப் பாத்து. சரி, வையின்னாரு.

அப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. கோர்ட் வாசப்படியில முப்பது வக்கீலுங்க நின்னாங்க, எல்லாரும் சாம்பல் கோட்டு, கருநீலக் கோட்டு. ஸ்கூட்டர்ல ரெண்டு பேரு வந்தானுங்க. வெளியூர்க்காரனுங்க. யாரையும் எதுவும் கேக்கல, தேடல. நேரா அவர்கிட்ட வந்தானுங்க.

தண்ணி வேணுமா தம்பி? சரி.

இருபத்துமூணு வருஷமாச்சு. அதுக்கப்புறம், அந்த டூரிஸ்ட் பெட்டிய விட்டா, நான் வெள்ளையத் தவிர வேற கர்ச்சீப் வித்ததில்ல. கேட்டா தீந்துபோச்சும்பேன். ஆனா ஊரு முழுக்க விக்கிறானுங்களே. ஒரு தடவ பஸ்ஸுல எனக்கு முன்னாடி ஒருத்தர் நின்னாரு, மேல்பாக்கெட்டுலேருந்து சிவப்பு எட்டிப் பாக்குது. என் கை தானாப் போயி அத உருவிடுச்சு. ஜேப்படித் திருடன்னு சட்டையப் பிடிச்சுட்டாங்க. என்னன்னு சொல்லுவேன்? இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனேன். காலையில கடையத் தெறந்தா, அவரு உள்ள நிக்கிறாரு. பேயின்னு சொல்லல. நிக்கிறாரு, அவ்வளவுதான். வெறும் கழுத்தோட நாடியத் தூக்கிக்கிட்டு, கட்டி விடுன்னு. நான் லைட்டப் போடுறவரைக்கும் நிப்பாரு. சில நாள் லைட்டப் போட்டாலும் நிப்பாரு. என் பொண்டாட்டி கடைய வித்துடுன்னா. வித்துட்டா அவரு எங்க போவாரு?

இல்ல தம்பி, கர்ச்சீப்புனால எப்படி ஆகும்னு நீங்க கேக்குறது சரிதான். எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. துணி யாரையும் கொல்லாது அனியெல்லோன்னு பாதிரியார் கூட சொன்னாரு. அவர்கிட்டயும் நான் பாதிதான் சொன்னேன்.

சாவுக்கு மறுநாள் போலீஸ்காரர் வந்தாரு. அன்னிக்குக் காலையில கடைக்கு யாராவது வந்து வக்கீலப் பத்தி விசாரிச்சாங்களான்னு கேட்டாரு. யாரும் வரலன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். பொய்யில்ல. யாரும் வரல.

போன்தான் வந்துச்சு. உங்கப்பா கெளம்பி அஞ்சு நிமிஷம் இருக்கும். ரொம்ப மரியாதையான குரல். சலேர்னோலேருந்து வந்திருக்குற குமாஸ்தாவாம், கோர்ட்டு வாசல்ல வக்கீல் கையில ஒரு தாள் குடுக்கணுமாம், முகம் தெரியாதாம். இன்னிக்கு அவரு என்னங்கய்யா போட்டிருக்காருன்னு கேட்டான். தம்பி, பதினொரு வருஷத்துல ஒருத்தரும் என்கிட்ட அப்படிக் கேட்டதில்ல. நிறுத்தி நிதானமா சொன்னேன். சட்டை, டை, புள்ளி, எல்லாம். கர்ச்சீப் தக்காளிச் சிவப்பு, மூணு முனை வெளிய தெரியும், ஊருல வேற யார்கிட்டயும் அது இல்லன்னேன். மூணு முனையான்னு திரும்பக் கேட்டான், எழுதிக்கிட்டான் போல. ரொம்ப நன்றிங்கய்யா, இனி ஈஸியா கண்டுபிடிச்சிடலாம்னான்.

பரவாயில்லங்க, வக்கீலய்யாவப் பாத்தா நான் விசாரிச்சதா சொல்லுங்கன்னேன்.